நடையுடை பாவனை: ‘இரவற் சிறகுகள்’ பற்றிய ஒரு மறுநோக்கு

கலாயோகி ஆனந்த குமாரசுவாமி 1905 ஆம் ஆண்டு வெளியிட்ட ‘இரவற் சிறகுகள்’ என்னும் ஆங்கிலச் சிறு பிரசுரம், இலங்கையில் உடை பற்றி எழுந்த சிந்தனைக்குத் தொடக்கமாக அமைந்த எழுத்துக்களுள் ஒன்று. மேனாட்டார் உடையை ஆராயாது மேற்கொள்ளும் சுதேசிகள் தம் அழகையும் மதிப்பையும் ஒருங்கே இழக்கின்றனர் என்பது அதன் வாதம். அவர் தலைவராயிருந்த இலங்கைச் சமூகச் சீர்திருத்தச் சங்கமும் இதே குரலையே ஒலித்தது. மயிலைக் கண்டு தானும் ஆடப் புகுந்த வான்கோழியைச் சிறுவயதிலேயே அறிந்த தமிழ் வாசகருக்கு இக்கருத்துப் புதியதன்று. ஆனால் அதனைச் சொன்னவரின் கல்வியும், சொல்லப்பட்ட காலமும் அதற்குத் தனி வலுவைக் கொடுத்தன. ஆங்கிலக் கல்வியால் உயர்ந்த வகுப்பார் கழுத்துப்பட்டியையே நாகரிகத்தின் அளவுகோலாகக் கொண்டிருந்த காலம் அது. அவர்களை நோக்கி அத்தகைய கண்டனம் எழவேண்டியே இருந்தது.

எனினும், அக்கண்டனத்தின் அடியில் ஓர் எடுகோள் மறைந்து கிடக்கின்றது. ஒவ்வொரு மனிதருக்கும் பிறப்பால் வாய்த்த சொந்தச் சிறகு ஒன்றுண்டு. அதனைக் களையாது காத்தலே தன்மையோடு வாழ்தல் என்பதே அந்த எடுகோள். கண்டிய மலைநாட்டின் கைவினைகளில் ஆழ்ந்து, 1908 இல் ‘இடைக்காலச் சிங்களக் கலை’ என்னும் பெருநூலைத் தந்த ஒருவருக்கு இவ்வாறு தோன்றியது இயல்பே. மலைநாட்டில் தோன்றிய இவ்வெடுகோளைக் கடற்கரைக்குக் கொண்டுவந்து, கப்பல் வந்து சேரும் ஓர் ஊரில் வைத்துச் சோதித்தல் பயனுடையது. அதற்குத் திருகோணமலையைவிடத் தக்க இடம் இத்தீவில் அரிது.

போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், சிறிதுகாலம் பிரெஞ்சுக்காரர், 1795 முதல் ஆங்கிலேயர் எனக் கைமாறிய துறைமுகம் அது. 1957 வரை பிரித்தானியக் கடற்படைத் தளம் அங்கே நிலைகொண்டிருந்தது. அங்கு வாழும் தமிழ்பேசும் மக்கள் காலிலணிவது சப்பாத்து. இடுப்பில் அணிவது களிசான். கையில் வைத்திருப்பது லேஞ்சி. சட்டையைப் பூட்டுவது பொத்தான். இந்நான்கு சொல்லும் போர்த்துக்கேயம் தந்தவை. வீட்டில் உடுக்கும் சாரமோ மலாய் நாட்டு வழக்கிலிருந்து வந்தது. இவற்றை நீக்கிவிட்டால் எஞ்சுவது எது? இரவற் சிறகுகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டு போனால் பறவையே இல்லாதொழியும் நிலை அங்குண்டு.

மற்றொன்றும் நோக்கற்பாலது. குமாரசுவாமியின் பிரசுரம் உடையை இரசனையின் பாற்பட்டதாகவே காண்கின்றது. கடற்படைத் தளத்தின் வேலைத்தலங்களில் உழைத்தவனுக்கு உடை இரசனையன்று. அது கூலியோடு வந்த கட்டளை. வேட்டியோடு இயந்திரத்தருகில் நிற்றல் இயலாது. அவன் களிசானும், கொழும்பில் விருந்துக்குச் சென்ற வழக்கறிஞரின் களிசானும் ஒரே தையலாயினும், ஒரே பொருளுடையன அல்ல. இவ்வேறுபாட்டைக் காணத் தவறியமை அப்பிரசுரத்தின் பெருங்குறை எனலாம்.

அவர்தம் வாழ்க்கையும் அவர் எடுகோளுக்கு எளிதில் அடங்குவதில்லை. தமிழ்த் தந்தைக்கும் ஆங்கிலத் தாய்க்கும் 1877 இல் கொழும்பிற் பிறந்து, இங்கிலாந்தில் வளர்ந்தவர் அவர். 1917 முதல் 1947 இல் மறையும்வரை பொஸ்டன் நுண்கலைக் காட்சியகத்திற் பணியாற்றினார். அக்காலத்து ஒளிப்படங்களில் மேனாட்டு உடையிலேயே காணப்படுகின்றார். இதனை முரண்பாடு என்று எள்ளுவோர் உளர். அது மேலோட்டமான பார்வை. இரு குலத்து இரத்தமும் கலந்த ஒருவருக்கு எச்சிறகு சொந்தம், எச்சிறகு இரவல் என்று வரையறுப்பவர் யார்?

அதே 1947 இல் மறைந்த மற்றொரு பேரறிஞரை இவ்விடத்து ஒப்பிடல் தகும். 1892 இல் காரைதீவிற் பிறந்த மயில்வாகனனார், விஞ்ஞானம் கற்றுப் பட்டம் பெற்றவர்; தமிழ்ப் பண்டிதர்; 1924 இல் துறவேற்று விபுலாநந்தர் ஆனவர். திருகோணமலை இந்துக் கல்லூரி இராமகிருஷ்ண மிஷனின் பொறுப்பிலிருந்த காலத்தில் அதன் அதிபராகவும் விளங்கினார். பின்னர் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் தமிழ்ப் பேராசிரியராக அமர்ந்தபோதும் காவியுடையே அவருடையது. காவி தனிமனிதன் தேர்ந்தெடுத்த புதுமையன்று; அது ஒரு சங்கத்தின் சீருடை. ஆயினும் அதனை அவர்மீது எவரும் இரவலாகக் கண்டதில்லை. யாழின் சுருதிகளைக் கணிதங்கொண்டு ஆராய்ந்த ‘யாழ்நூல்’ ஆசிரியரின் சிந்தனையில் விஞ்ஞானமும் துறவும் தமிழும் பகையின்றி ஒன்றியிருந்தமையே அதற்குக் காரணம். பிறரினின்று வேறுபட்டுத் தோன்றுதலே தனித்துவம் என்னும் இளைஞரிடையே பரவிய எண்ணத்துக்கு இவரே தக்க மறுப்பு.

‘நடையுடை பாவனை’ என்று தமிழர் ஒரே மூச்சிற் சொல்லும் தொடர் ஈண்டு நினைவுகூரத்தக்கது. நடை என்பது காலின் நடையுமாம், ஒழுகலாறுமாம், எழுத்தாளனின் மொழிநடையுமாம். பாவனையோ ஒருவர் தம்மை வைத்துக்கொள்ளும் பாங்கு. போலச் செய்தலும் அதுவே. தனக்குரியதும் போலியும் ஒரே சொல்லுக்குள் உறைவதைத் தமிழ் வழக்கு நெடுங்காலமாக அறிந்திருக்கின்றது. மனிதன் முதலிற் பிறரைப் பாவித்தே தன் நடையை அடைகிறான். எனவே எங்கிருந்து பெற்றான் என்பதைவிட, பெற்றதை யார் முடிவுப்படி அணிகிறான் என்பதே கேட்கத்தக்க கேள்வி.

இக்கேள்வி ஏட்டளவில் நின்றுவிடவில்லை. 2018 ஏப்ரலில், திருகோணமலை ஸ்ரீ சண்முகா இந்து மகளிர் கல்லூரியில் முஸ்லிம் ஆசிரியைகள் சிலர் அபாயா அணிந்து கடமைக்கு வந்தமையை எதிர்த்துக் கல்லூரி வாயிலில் ஆர்ப்பாட்டம் நிகழ்ந்தது. சேலையே கல்லூரியின் மரபு என்றனர் எதிர்த்தோர். அபாயா தம் உரிமை என்றனர் ஆசிரியைகள். அவர்கள் தற்காலிகமாக வேறு பாடசாலைகளுக்கு மாற்றப்பட்டனர். மனித உரிமைகள் ஆணைக்குழு அவர்கள் சார்பாகப் பரிந்துரைத்தது. 2022 பெப்ரவரியில் ஆசிரியை ஒருவர் மீளக் கடமையேற்க வந்தபோது சர்ச்சை மறுபடி மூண்டது.

இரு தரப்பினரும் தத்தம் உடையைத் தொன்மையின் பெயராலேயே காத்துப் பேசுவது வழக்கம். வரலாறோ இருவருக்கும் அத்துணை உதவுவதாயில்லை. முன்கொசுவமும் இடத்தோள் முந்தானையும் உட்பாவாடையும் சட்டையுமாக இன்று ‘மரபு’ எனப்படும் சேலைக்கட்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஞானதானந்தினி தேவி போன்ற வங்கப் பெண்கள் புதுக்கிப் பரப்பிய வடிவத்துக்குப் பெரிதும் கடன்பட்டது. கிழக்கிலங்கை முஸ்லிம் பெண்கள் முன்னர் சேலை உடுத்து முந்தானையாலேயே முக்காடிட்டனர். அபாயா பரவியது அண்மைத் தசாப்தங்களில், வளைகுடா நாடுகளோடு ஏற்பட்ட தொழில், சமயத் தொடர்புகளின் பின்னரே. எனவே குமாரசுவாமியின் அளவுகோலைக் கையிலெடுத்தால் இரண்டும் இரவலே. அபாயாவைத் தேர்ந்தாளா, தேருமாறு வற்புறுத்தப்பட்டாளா என்ற வினா நியாயமானது. ஆனால் அதே வினாவைச் சேலைக்கும் எழுப்பாதவர்க்கு அதனைக் கேட்கும் தகுதியில்லை. அன்றியும், வற்புறுத்தலுக்கு மாற்று இன்னொரு வற்புறுத்தல் ஆகாது.

இதற்கு ஒரு தடை எழுப்பப்படலாம். கோட்டைக்குள் இராணுவ முகாமைக் கடந்து கோணேசர் சந்நிதிக்குச் செல்லும் ஆடவன், அதிகாரியாயினும் கூலியாளாயினும், மேற்சட்டையைக் களைகிறான். கோயிலுக்கு ஒரு விதியிருக்கப் பாடசாலைக்கு இருத்தலாகாதோ? வலுவான தடைதான் இது. எனினும் அடியவன் அவ்விதியைத் தன் பத்தியால் ஏற்றுச் சிறிது நேரம் நிற்கிறான். ஆசிரியையோ அரச நியமனம் பெற்று, ஊதியத்துக்காக நாள்தோறும் அங்கு வருபவள். அவளுக்கு அக்கல்லூரி கோயிலன்று, தொழிலிடம். அடக்கமும் தூய்மையும் வேண்டும் என்று கேட்கத் தொழிலிடத்துக்கு உரிமையுண்டு. வேறொரு சமூகத்தின் மகளாகத் தோன்றவேண்டும் என்று கேட்க உரிமையில்லை. அரசு மாணவியருக்கு வழங்கும் சீருடை வெள்ளைத் துணியே இத்தீவில் நெடுநாளாக இருவகையாக வெட்டப்படுகின்றது: ஒன்று கவுனாக, மற்றொன்று நீண்ட மேலாடையும் களிசானும் தலைத்துணியுமாக. இருவகையும் பாடசாலைச் சீருடை என்றே ஏற்கப்பட்டுள்ளன.