தீத்வால் நாயும் இரண்டு அட்டைகளும்

சாதத் ஹசன் மண்டோவின் ‘தீத்வால் நாய்’ என்ற உருதுச் சிறுகதையை, யுத்த வெறியின் அபத்தத்தைக் காட்டும் கதையென்று பாராட்டுவது விமர்சகர் வழக்கம். கூற்றுத் தவறன்று. ஆயினும், யுத்த வெறி எங்குமுள்ளது. மண்டோ களமாகக் கொண்டதோ காஷ்மீர் எல்லையிலுள்ள ஒரு குறிப்பிட்ட கிராமம். அதைக் கவனியாது விட்டால், காஷ்மீருக்குச் சுதந்திரம் வழங்கப்பட வேண்டுமா, அதைத் தீர்மானிக்க வேண்டியவர் யார் என்ற கேள்வியை வசதியாக மறந்துவிடலாம். பலர் மறந்தேயிருக்கின்றனர்.

கதை எளியது. எதிரெதிர்க் குன்றுகளில் இந்தியச் சிப்பாய்களும் பாகிஸ்தானியச் சிப்பாய்களும் காவலிருக்கின்றனர். பெரும் போர் இல்லை, பொழுதும் போகவில்லை. எங்கிருந்தோ வந்த தெருநாய் ஒன்றுக்கு இந்தியர் பெயர் சூட்டி, இது இந்திய நாய் என்று எழுதிய அட்டையைக் கழுத்திற் கட்டுகின்றனர். மறுபுறம் சென்ற நாய்க்கு அங்கே இன்னொரு பெயர், இன்னோர் அட்டை. பின்னர் இரு சாராரும் விளையாட்டாகச் சுடுகின்றனர். அங்குமிங்கும் ஓடித் தவித்த நாயை ஜமேதார் ஹர்னாம் சிங்கின் குண்டு முடித்துவைக்கிறது. ஒரு தரப்புக்கு அது தியாகி. மற்றத் தரப்புக்கு அது செத்தது நாய்ச்சாவு.

நாயின் சாவைவிட என்னை உறுத்துவது அட்டைகளின் எண்ணிக்கை. இரண்டே இரண்டு. 1948 ஏப்ரல் 21இல் ஐக்கிய நாடுகள் பாதுகாப்புச் சபை நிறைவேற்றிய 47ஆம் தீர்மானமும் அப்படித்தான். இந்தியாவோடு சேர்வதா, பாகிஸ்தானோடு சேர்வதா என்பதை மக்கள் வாக்கு முடிவுசெய்யட்டும் என்றது. தனித்து நிற்பதைப் பற்றி அதில் ஒரு சொல்லுமில்லை. அந்த இரண்டிலொன்றைத் தெரிவுசெய்யும் வாக்கெடுப்புக்கூட இன்றுவரை நடக்கவில்லை என்பது வேறு விடயம்.

இம்மண்ணில் மக்களைக் கேட்கும் பழக்கம் முன்பும் இருந்ததில்லை. 1846இல் பிரிட்டிஷார் அமிர்தசரஸ் ஒப்பந்தத்தின் மூலம் 75 இலட்சம் ரூபாவுக்குக் காஷ்மீரைக் குலாப் சிங்குக்குக் கைமாற்றினர். நிலத்தோடு குடியானவனும் விலைபோனான். 1947இல் அவ்வம்சத்து ஹரி சிங் தனித்திருக்கவே விரும்பினார். அவர் விரும்பிய சுதந்திரம் சிம்மாசனத்தின் சுதந்திரம். பழங்குடிப் படையினர் பாகிஸ்தான் பக்கமிருந்து புகுந்ததும் ஒக்டோபர் 26இல் இந்தியாவோடு இணையும் பத்திரத்திற் கையெழுத்திட்டார்.

அதன்பின் மூன்றாவது அட்டையைக் கேட்டவர் எவராயினும் இரு குன்றுகளுக்கும் குற்றவாளியே. சுதந்திர காஷ்மீரை நாடுகிறார் என்ற சந்தேகத்தில் 1953 ஆகஸ்டிற் ஷேக் அப்துல்லா பதவியிழந்து சிறை சென்றார். பாகிஸ்தான் வசமுள்ள பகுதியின் 1974ஆம் ஆண்டு அரசியற் சட்டம், பாகிஸ்தானோடு இணையும் கொள்கைக்கு எதிரான பிரசாரத்தையே தடைசெய்தது. தனிநாடு கோரிய மக்பூல் பட் பாகிஸ்தானில் இந்திய உளவாளியென்று சிறைவைக்கப்பட்டார். பின்னர் இந்தியாவிற் கொலை வழக்குத் தீர்ப்பின் பேரில் 1984இல் தூக்கிலிடப்பட்டார். அவருடைய வழிமுறையை ஏற்காதவருக்கும் இங்கே மண்டோவின் நாய் நினைவுக்கு வரும். 2019 ஆகஸ்டில் இந்திய அரசு சிறப்புரிமையை நீக்கி மாநிலத்தை இரு ஒன்றியப் பிரதேசங்களாக உடைத்தபோது, அபிப்பிராயம் சொல்ல அங்கு ஒரு சட்டசபைகூட இருக்கவில்லை.

இவ்விடயத்தில் இடதுசாரிகளின் கைகளும் சுத்தமானவையல்ல. 1955 டிசம்பரில் ஸ்ரீநகருக்கு வந்த குருஷேவ் காஷ்மீர் இந்தியாவின் பகுதியென்று அறிவித்தார். நம்மிற் பலருக்கு விவாதம் அத்தோடு முடிந்துவிட்டது. பிரிந்து செல்லும் உரிமையை விவாகரத்து உரிமையோடு ஒப்பிட்டு, உரிமையை ஏற்பது பிரிவைத் தூண்டுவதாகாது என்று விளக்கிய லெனினைப் படித்தவர்கள்தாம் அப்படி அடங்கிப்போயினர்.

இனிக் கதையின் குறைக்கு வருவோம். தீத்வாலைப் பற்றிய கதையில் தீத்வால்வாசி ஒருவருமில்லை. கிஷன்கங்கா நதிக்கரையில் உள்ளது அக்கிராமம். எல்லைக்கு அப்பால் அதே நதிக்குப் பெயர் நீலம். நதிக்கும் இரண்டு அட்டைகள்! அக்கரையிலும் இக்கரையிலும் உறவுகொண்ட உழவர்கள் கதையில் எங்கே? காஷ்மீரிக் குடும்பத்தில் வந்த மண்டோ அவர்களிடத்தில் ஒரு வாயில்லாப் பிராணியை வைத்தார். அங்கதத்துக்கு அது பெரும் பலம். ஆனால், வாயில்லாப் பிராணி இரக்கத்தைத்தான் கேட்க முடியும். உரிமையைக் கேட்க முடியாது. காஷ்மீரிகளை ஊமைகளாக்கி அவர்களுக்காகக் கண்ணீர் விடும் எழுத்துகள் பிறகு ஏராளமாகப் பெருகின. மண்டோவைக் குறைகூறவில்லை. முற்போக்கு அணியே அவரை ஒருகாலத்தில் ஒதுக்கிவைத்தது. அந்த அநியாயத்தை நாமும் தொடர வேண்டியதில்லை.

அவர்கள் ஊமைகளல்லர் என்பதற்கு 1944இல் தேசிய மாநாட்டுக் கட்சி வெளியிட்ட ‘புதிய காஷ்மீர்’ திட்டமே சாட்சி. நிலப்பிரபுத்துவத்தை ஒழிப்பதாக அது சொன்னது. 1950இற் பெருநிலங்கள் நட்டஈடின்றிக் கைப்பற்றப்பட்டு, உழுதவனுக்குக் கொடுக்கப்பட்டன. சுதந்திரம் என்ற சொல்லுக்கு அன்று சோறும் மண்ணும் உள்ளடக்கமாக இருந்தன. 1990இற் பண்டிதர்கள் அச்சத்தால் பள்ளத்தாக்கைவிட்டு ஓடியபோது அந்த உள்ளடக்கம் எங்கே போயிற்று? ஜம்முவின் இந்துக்களும் லடாக்கின் பௌத்தர்களும் தனிநாட்டை விரும்பாவிடின், அவர்கள் கழுத்திலும் அட்டை கட்டப்படுமா? சுதந்திரம் கோருவோர் இதற்கு நேர்மையாகப் பதில் சொல்லியாக வேண்டும். ஆனால், பதில் வரும்வரை கேள்வியையே மக்கள் முன் வைக்கமாட்டோம் என்பது ஹர்னாம் சிங்கின் நியாயம். மூன்றாவது வழியும் வாக்குச்சீட்டில் இடம்பெற வேண்டும். ஒவ்வொரு பிரதேசத்தின் விருப்பமும் தனித்தனியே அறியப்பட வேண்டும். அவர்கள் தனித்து நிற்பார்களா, நில்லார்களா என்பது நம் கவலையல்ல.

நம் மொழிபெயர்ப்பாளர்களுக்கு ஒரு விண்ணப்பம். மண்டோவோடு நின்றுவிடாதீர்கள். காஷ்மீரி மொழியிலேயே சிறுகதை எழுதி, 1958இற் சாகித்திய அகாதமிப் பரிசு பெற்ற அக்தர் முகையதீனையும் தேடிப் படியுங்கள். அங்கே மனிதர்கள் பேசுகிறார்கள்.