'உறுதி' என்னும் சொல்லின் எல்லை: நோய் அறிக்கைகளில் ஆங்கில, போர்த்துகீசியச் சொல்லாட்சி

முன்னுரை

ஆங்கிலத்தின் 'கேஸ்', போர்த்துகீசியத்தின் 'காஸு' ஆகிய இரண்டும் 'வீழ்தல்', 'நேர்தல்' எனப் பொருள்படும் ஒரே இலத்தீன் சொல்லின் வழிவந்தவை. 'கன்ஃபர்ம்டு', 'கொன்ஃபிர்மாடு' என்பனவும் ஒரே வேரின. இவ்வொப்புமையே மொழிபெயர்ப்பாளரை இடறச் செய்கிறது. சொல் ஒன்றாயினும் அது வேண்டும் சான்று ஒன்றன்று என்பதை இக்கட்டுரை நிறுவ முற்படுகிறது.

சான்றின் அளவு

கொரோனா பெருந்தொற்றின்போது உலக சுகாதார நிறுவனம் ஆங்கிலத்தில் வகுத்த வரையறை, 'கன்ஃபர்ம்டு' என்பதற்கு ஆய்வகச் சான்றை வேண்டியது. நோய்க்குறிகளும் நோயாளியுடனான தொடர்பும் மட்டும் உடையவர் 'ப்ராபபிள்' வகையுள் அடங்கினார். பிரேசில் நலவாழ்வு அமைச்சகமோ ஆய்வகச் சான்றோடு நோய்க்குறி, தொடர்பு ஆகியவற்றின் வழி உறுதிசெய்தலையும் ஏற்றது. ஆகவே ஆங்கில வரையறையில் ஐயத்தோடு நிற்கும் ஒருவர், போர்த்துகீசிய அறிக்கையில் உறுதியானவராக எண்ணப்பட இடமுண்டு.

டெங்கு அறிக்கைகளில் சிக்கல் மேலும் நுட்பமானது. பிரேசிலில் 'ப்ரொவாவெல்' என்பது, அறிவிக்கப்பட்டவற்றுள் விலக்கப்பட்டவை நீங்கலாக எஞ்சிய அனைத்தையும் குறிக்கும். உறுதியானவையும் அதனுள் அடக்கம். 2024இல் 60 இலட்சத்தைக் கடந்த எண்ணிக்கை இவ்வகையினதே. இதனை ஆங்கில 'ப்ராபபிள்' எனக் கொள்வோர், உறுதியானவற்றைத் தனியே கூட்டி இருமுறை எண்ணும் பிழைக்கு ஆளாவர்.

அறிவிப்பும் முடிவும்

சிறுதலைக் குறைபாடு குறித்து 2016 ஜனவரி இறுதியில் பிரேசில் வெளியிட்ட அறிக்கையில் அறிவிக்கப்பட்டவை 4,180. அவற்றுள் உறுதியானவை 270, விலக்கப்பட்டவை 462, ஆய்விலிருந்தவை 3,448. 'நோட்டிஃபிகாடு' என்பது விசாரணையின் தொடக்கத்தைக் குறிக்கிறதேயன்றி முடிவையன்று. முதல் எண்ணை மட்டும் பெயர்த்து 'பாதிக்கப்பட்ட குழந்தைகள்' என எழுதின், இயல்பான சோதனை முடிவாலோ தொற்றல்லாத காரணத்தாலோ விலக்கப்பட்ட 462 குழந்தைகள் மீதும் அத்தொற்றின் பழி ஏற்றப்படும். அச்சத்தோடு காத்திருந்த தாய்மாருக்கு இது வெறும் சொற்பிழையன்று.

முடிவுரை

அகராதி வழி இச்சொற்கள் நிகரானவை; வரையறை வழி அல்ல. தமிழிலும் 'ஒருவருக்குத் தொற்று உறுதி' எனச் செய்தித்தலைப்பு அமையும்போது, எதனால் உறுதி என்பது மறைந்துவிடுகிறது. 'பாதிப்பு' என்னும் சொல்லும் அறிவிப்பையும் முடிவையும் வேறுபடுத்துவதில்லை. 'ஆய்வகத்தால் உறுதியானது', 'நோய்க்குறியால் உறுதியானது', 'ஆய்வுக்குப்பின் விலக்கப்பட்டது' எனச் சான்றையும் உடன்சுட்டும் தொடர்கள் சற்று நீளமாயினும் பொருள் மயக்கம் தரா. நோய் அறிக்கையைப் பெயர்ப்போர் சொல்லுக்கு முன் அதன் வரையறையைப் பெயர்த்தல் வேண்டும் என்பதே இவ்வொப்பீட்டால் பெறப்படும் முடிவாகும்.