சயாம் மரண ரயிலும் எழுதப்படாத பேரேடும்

ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்' 1993இல் நூலாக வெளிவந்தது. பாதை முடிந்த 1943இலிருந்து எண்ணினால் ஐம்பது ஆண்டுகள். அ. ரெங்கசாமியின் 'நினைவுச் சின்னம்' அதற்கும் பல ஆண்டுகள் பின்னரே வந்தது. இவ்விரு நாவல்களையும் நம் திறனாய்வாளர்கள் துயரக் காவியங்கள் என்று போற்றி நிறுத்திக்கொள்கின்றனர். அது போதாது என்பதே என் கருத்து. துயரம் ஊழாலும் வரலாம். இங்கு நடந்ததோ மனிதர் செய்த குற்றம். அதற்குக் கணக்கு இன்னும் தீர்க்கப்படவில்லை.

சயாமின் பான்போங்கிலிருந்து பர்மாவின் தன்பியுசயாட் வரை 415 கிலோமீட்டர். அதில் உழைத்த நேசநாட்டுப் போர்க்கைதிகள் அறுபதாயிரத்துக்கு மேற்பட்டோர். மாண்டோர் பன்னிரண்டாயிரத்துக்கு மேல். ஆசியத் தொழிலாளரோ ஏறத்தாழ இரண்டு இலட்சம். மாண்டோர் தொண்ணூறாயிரம் என்பது பலர் ஏற்கும் மதிப்பீடு. அவர்களுள் மலாயாத் தோட்டத் தமிழர் பெருந்தொகையினர். கைதிகளுக்கு அதிகாரிகளும் மருத்துவர்களும் பெயர்ப் பட்டியலும் இருந்தன. காலரா பரவிய 1943இல் நம்மவர்க்கு இம்மூன்றும் இல்லை. காஞ்சனபுரி போர்க் கல்லறைத் தோட்டத்தில் ஏறத்தாழ ஏழாயிரம் கைதிகள் துயில்கின்றனர். நம்மவர் காட்டோடு காடாயினர். தோட்டத்தில் ஒருநாள் பெரட்டுக்கு வராதவன் பெயரைக் கிராணி தவறாமல் குறித்துக்கொள்வார், சம்பளத்தைப் பிடிப்பதற்கு! அதே மனிதன் சயாமில் செத்தபோது குறித்துக்கொள்ள எவரும் இல்லை.

பொருள்களின் கதை வேறு. ஜப்பானியர் நம் கீழைக்கரை இருப்புப்பாதையின் தண்டவாளங்களைப் பெயர்த்துச் சயாமுக்குக் கொண்டு சென்றனர். 1950களில் அப்பாதை மீண்டும் போடப்பட்டது. மரணப் பாதையின் சயாம் பகுதியைப் பிரிட்டன் 1946இல் சயாம் அரசுக்கே விற்றது. இரும்புக்கு விலை கிடைத்தது.

1951 சான்பிரான்சிஸ்கோ உடன்படிக்கையில் மலாயாவுக்கு இருக்கை இல்லை. அதன் சார்பிலும் பிரிட்டனே ஒப்பமிட்டது. பின்னர், 'இரத்தக் கடன்' கேட்டுச் சீன சமூகத்தார் கிளர்ந்ததன் விளைவாக 1967இல் கோலாலம்பூரில் ஓர் ஒப்பந்தம் ஏற்பட்டது. இரண்டரைக் கோடி வெள்ளி பெறுமான பொருளாக ஜப்பான் தந்தது: இரண்டு சரக்குக் கப்பல்கள். அத்தோடு போர்க்காலப் பிரச்சினைகள் யாவும் முற்றுப்பெற்றதாக எழுதப்பட்டது. தோட்டத்து விதவைக்குக் கப்பலால் என்ன பயன்? 2000இல் பிரிட்டன், உயிரோடிருந்த தன் முன்னாள் கைதிகளுக்கும் அவர்தம் கைம்பெண்களுக்கும் தலைக்குப் பத்தாயிரம் பவுன் வழங்க முன்வந்தது. அதே பாதையில் மண் சுமந்த நம்மவர் அந்தப் பட்டியலில் இல்லை.

இதனை இனப்படுகொலை என்று எழுதும் நண்பர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஓர் இனத்தை அழிக்கும் நோக்கம் 1948 ஐ.நா. உடன்படிக்கையின் இலக்கணம். ஜப்பானியர் அழிக்க விரும்பினர் என்பதைவிட, செத்தால் வேறு ஆள் பிடிக்கலாம் என்று எண்ணினர் என்பதே பொருந்தும். சொல்லை மிகைப்படுத்தினால் வழக்கு மெலியும்.

எனினும் இனப்படுகொலை என்று ஒப்புக்கொண்ட இடத்திலும் கணக்கு நேராகிவிடவில்லை. 1904 முதல் 1908 வரை ஹெரேரோ, நாமா மக்களை அழித்ததை ஜெர்மனி 2021இல் இனப்படுகொலை என்றது. 110 கோடி யூரோவை முப்பதாண்டுத் திட்டங்களுக்கெனத் தர இசைந்தது. இழப்பீடு என்னும் சொல்லை மட்டும் ஏற்கவில்லை. எங்களைக் கேட்காமல் அரசுகள் பேசிக்கொண்டன என்று அம்மக்களின் தலைவர்கள் பலர் மறுத்தனர். நம் 1967 கப்பல்களே நினைவுக்கு வருகின்றன. மாறாக, கென்யாவின் மாவ் மாவ் வழக்கில் வதைபட்ட முதியோரே நேரில் உரிமை கோரினர். 2013இல் 5,228 பேருக்குப் பிரிட்டன் ஏறத்தாழ இரண்டு கோடி பவுன் தந்தது. அங்கே ஆள் இருந்தார், பெயர் இருந்தது.

நம் நாவல்களில் நான் காணும் குறையும் இதுவே. கண்ணீரைப் பதிந்த நாம் பெயர்களைப் பதியவில்லை. நாவலாசிரியரிடம் பேரேடு கேட்பது முறையா எனலாம், முறையன்றுதான். ஆனால் அந்த வேலையைச் செய்ய வேறு எவரும் முன்வராதபோது பழி எழுதுவோர் அனைவர்மீதும் விழுகிறது, என்மீதும்.

என் பாட்டியின் அண்ணன் கிள்ளான் தோட்டமொன்றிலிருந்து சயாம் சென்றவர். இறந்த நாள் தெரியாமையால் ஆடி அமாவாசையன்று திதி கொடுப்பார்கள். சென்ற ஆண்டு அவர் பெயரை எழுதி வைக்க முனைந்தேன். வீட்டில் எல்லாரும் 'சயாம் மாமா' என்றே சொல்லிப் பழகியிருந்தனர். முழுப்பெயர் எவருக்கும் தெரியவில்லை.