எடை இழந்த இளவரசன்

2010-க்குப் பிறகு பதினான்கு ஆண்டுகள் 'பிரின்ஸ் ஆஃப் பெர்சியா' வரிசையில் பெரிய ஆட்டம் எதுவும் வரவில்லை. 2024 ஜனவரியில் யூபிசாஃப்டின் மோன்பெலியே ஸ்டூடியோ 'த லாஸ்ட் கிரௌன்' ஆட்டத்தை வெளியிட்டது. பல ஆண்டுகள் முப்பரிமாணத்தில் ஓடிய தொடர், 1989-இல் பிறந்தபோது இருந்த பக்கவாட்டுப் பார்வைக்கே இதில் திரும்பியது. அதனால் பலரும் இதை அந்த முதல் ஆட்டத்தின் நேர் வாரிசு என்றார்கள். திரையில் தெரிவதை வைத்தால் அது சரி. ஆடும்போது கைக்குத் தெரிவது வேறு.

முதல் ஆட்டத்தை ஜோர்டன் மெக்னர் ஏறக்குறையத் தனி ஆளாக ஆப்பிள் II கணினிக்காக எழுதினார். தன் தம்பியை ஓடவும் தாவவும் தொங்கவும் சொல்லி வீடியோ எடுத்து, அந்த அசைவுகளைப் படம் படமாகத் திரைக்குக் கொண்டுவந்தார். அந்த இளவரசனுக்கு மனித உடலின் எடை வந்தது அப்படித்தான். ஓடத் தொடங்க ஒரு கணம் பிடிக்கும். நிற்க நினைத்த இடத்தைத் தாண்டித்தான் கால் நிற்கும். இரண்டு மாடி விழுந்தால் அடிபடும், மூன்று மாடி என்றால் சாவு. தரையில் புதைந்த ஈட்டிகளை மெல்ல நடந்தால் கடக்கலாம், ஓடினால் செத்தோம். இவ்வளவுக்கும் மேலே ஒரு மணி நேரக் கெடு. செத்தால் லெவலை மறுபடி தொடங்கலாம், ஓடிப்போன நிமிடங்கள் திரும்ப வராது. தொண்ணூறுகளில் நம் ஊர்க் கம்ப்யூட்டர் சென்டர்களில் ஆடியவர்களுக்கு, விளிம்பில் ஒரு விரற்கடை முன்னே நகர்ந்து நின்று தாவிய அந்தப் பதற்றம் நினைவிருக்கும்.

லாஸ்ட் கிரௌனின் நாயகன் சர்கோனுக்கு அந்த எடை கிடையாது. நினைத்த கணத்தில் பாய்கிறான், காற்றிலேயே திசை மாறுகிறான், சறுக்கியபடியே வெட்டுகிறான். இதே ஸ்டூடியோ முன்பு செய்த ரேமேன் ஆட்டங்களின் துள்ளல் இவன் உடம்பில் ஓடுகிறது. கட்டுப்பாட்டின் துல்லியத்தில் குறை சொல்ல ஒன்றுமே இல்லை. ஆனால் உயரம் இவனுக்கு ஒரு பொருட்டே அல்ல. விழுவதற்கு அஞ்சாத உடல் எவ்வளவு அழகாகத் தாவினாலும், முதல் ஆட்டத்தின் ஒரு சாதாரணத் தாவலில் இருந்த கனம் அதில் வராது. இந்த இழப்பு சிறியதல்ல.

உண்மையில் இந்த ஆட்டத்தின் மூதாதை 2003-இல் வந்த 'த சேண்ட்ஸ் ஆஃப் டைம்'. தவறிய தாவலைக் காலத்தைப் பின்னோக்கி ஓட்டித் திருத்த விட்டது அது. முதல் ஆட்டம் காலத்தால் மிரட்டியது, சேண்ட்ஸ் ஆஃப் டைம் காலத்தையே ஆடுபவர் கையில் கொடுத்தது. லாஸ்ட் கிரௌன் அந்த எண்ணத்தை இன்னும் கூர்மையாக்குகிறது. புராணப் பறவை சிமுர்கின் பெயரில் 'சிமுர்கின் நிழல்' என்றொரு சக்தி வருகிறது: நிற்கும் இடத்தில் தன் நிழலுருவை விட்டுவிட்டுப் போய், வேண்டும்போது அதே இடத்துக்குத் திரும்பலாம். புதிர்களும் சண்டையும் இந்த ஒரு சக்தியில் அவ்வளவு இயல்பாக ஒன்றுசேர்கின்றன. காலம் உறைந்துபோன கடல்பகுதியோ இந்தத் தொடர் இதுவரை காட்டிய இடங்களிலேயே சிறந்தது என்பேன். புயலும் அலையும் உடையும் கப்பல்களும் அந்தரத்தில் அப்படியே நிற்க, அவற்றின் மேல் ஏறிப் போகிறோம்.

இன்னொரு நல்ல கண்டுபிடிப்பு, பார்த்த இடத்தைப் படம் பிடித்து மேப்பிலேயே ஒட்டிவைக்கும் வசதி. பூட்டிய வழிகளுக்குத் திரும்பத் திரும்ப வரவேண்டிய ஆட்டத்தில் இது எத்தனையோ எரிச்சலைத் தீர்க்கிறது. அடுத்து எங்கே போவது என்று காட்டும் வழிகாட்டி முறையும், கடினமான தாவல் பகுதிகளைத் தாண்டிச் செல்லும் வாசலும் விரும்பினால் மட்டும். இவற்றைச் சலுகை என்று குறை சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

குறைகள் கதையிலும் நீளத்திலும் இருக்கின்றன. முதல் ஆட்டத்தின் கதையை ஒரு வரியில் சொல்லலாம். இங்கே துரோகங்களும் மாற்றுக் காலவரிசைகளும் சேர்ந்து, பாதிக்கு மேல் யாருக்காக அக்கறைப்படுவது என்றே தெரியாமல் போகிறது. சேகரிக்க வேண்டிய பொருள்களும் தேவைக்கு மேல் அதிகம். இரட்டைத் தாவல் மிகத் தாமதமாகக் கிடைப்பதால், மத்தியில் பல மணி நேரம் ஆட்டம் தன் முழு வேகத்துக்கு வராமல் இழுக்கிறது.

ஒரு விஷயத்தில் மட்டும் முன்னோர் அனைவரையும் இது தாண்டிவிட்டது. முதல் ஆட்டத்தின் பாரசீகம் ஆயிரத்தொரு இரவுகளிலிருந்தும் பழைய ஹாலிவுட் வாள்சண்டைப் படங்களிலிருந்தும் கடன் வாங்கிய வேடம். லாஸ்ட் கிரௌன் காஃப் மலையையும் சிமுர்கையும் பாரசீக மரபிலிருந்தே எடுத்து உலகத்தைக் கட்டுகிறது. ஈரானில் பிறந்த இசைக்கலைஞர் மென்ட்ரிக்ஸ் இசையமைத்தவர்களில் ஒருவர். பாத்திரங்கள் பாரசீக மொழியில் பேசும் குரல்பதிவும் உண்டு. ஒரு நாட்டின் பெயரை முப்பது ஆண்டுக்கு மேல் தலைப்பில் சுமந்த தொடர், அந்த நாட்டின் மொழிக்குக் கடைசியில் இடம் கொடுத்தது.

என் தீர்ப்பு இது: 2003-க்குப் பிறகு இந்தத் தொடரில் வந்த மிகச் சிறந்த ஆட்டம் இதுதான், 1989 ஆட்டத்துக்கு மாற்று அல்ல. இதைச் செய்த குழு அதே ஆண்டிலேயே கலைக்கப்பட்டு வேறு பணிகளுக்கு அனுப்பப்பட்டது. தொடர்ச்சி உடனே வரும் என்று எதிர்பார்க்க வேண்டாம். முதல் ஆட்டமோ மறைந்துவிடவில்லை; மெக்னர் அதன் மூல நிரலைக்கூட 2012-இல் எல்லோரும் பார்க்கும்படி வெளியிட்டுவிட்டார். லாஸ்ட் கிரௌனை ஆடப்போகிற இளைஞர்கள் முதலில் ஒரு மாலையைப் பழைய இளவரசனுக்குக் கொடுங்கள்.