சாட்சிக் கூண்டில் யார் நிற்பது?

மாக்ஸ் ஃபிரிஷின் ‘அண்டோரா’ நாடகத்தை முதன்முறை வாசித்து முடித்தபோது, என் பள்ளியில் இதைப் போட்டிருந்தால் நான் எந்த வேஷம் கேட்டிருப்பேன் என்று யோசித்தேன். சந்தேகமே இல்லை, ஆண்ட்ரிதான். எல்லாரும் சேர்ந்து விரட்டுகிறவன், கடைசியில் சாகிறவன். கைதட்டல் அவனுக்குத்தானே?

சுவிட்சர்லாந்து எழுத்தாளரான ஃபிரிஷின் இந்த நாடகம் 1961இல் சூரிச்சில் மேடையேறியது. யூத வெறுப்பைப் பற்றிப் பேச ஜெர்மன் மொழி வகுப்பறைகளில் நெடுங்காலமாக வாசிக்கப்படுவது. ஓர் ஆசிரியர், பக்கத்து நாட்டுப் பெண்ணிடம் தனக்குப் பிறந்த மகனை, தான் காப்பாற்றிக் கொண்டுவந்த யூதக் குழந்தை என்று பொய் சொல்லி வளர்க்கிறார். ஊர் அவனை யூதனாகவே பார்க்கிறது. கடைசியில் உண்மை தெரியவந்தபோதும் அவன் அதை ஏற்க மறுக்கிறான்.

என்னைக் கேட்டால், வகுப்பில் முதலில் நடிக்க வேண்டியது நாற்காலிக் காட்சி. தச்சுப்பட்டறையில் ஆண்ட்ரி செய்த நாற்காலி உறுதியானது. கூட வேலை செய்கிற நண்பன் செய்தது லொடலொடப்பது. தச்சர் அந்த மோசமான நாற்காலியைப் பிய்த்துப் போட்டு, இது ஆண்ட்ரியின் வேலைதான் என்று முடிவுகட்டுகிறார். உனக்கு வியாபாரம்தான் வரும் என்று அவனை விற்பனைக்கு அனுப்புகிறார். நண்பன் ஒரு வார்த்தை சொன்னால் விஷயம் முடிந்தது. சொல்லாமல் நழுவிவிடுகிறான்.

காட்சிகளுக்கு நடுவே ஊர்க்காரர்கள் ஒவ்வொருவராகச் சாட்சிக் கூண்டுக்கு வந்து, நடந்ததற்குத் தான் பொறுப்பில்லை என்கிறார்கள். பாதிரியார் மட்டும்தான் தன் தப்பை ஒத்துக்கொள்கிறார். மாணவர்களுக்குக் கொடுக்க வேண்டிய வேஷங்கள் இவைதான். ஆண்ட்ரியாக நடிப்பவருக்குப் பரிதாபம் கிடைக்கும். கூண்டில் ஏறுபவருக்கோ, அந்தச் சாக்குகள் தன் வாயில் எவ்வளவு சரளமாக வருகின்றன என்பது தெரியும்.

மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்டதை அடுத்து, 1968இல் அமெரிக்காவின் அயோவாவில் ஜேன் எலியட் என்ற ஆசிரியை தன் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளைக் கண் நிறத்தை வைத்துப் பிரித்தார். உயர்ந்தவர்கள் என்று சொல்லப்பட்ட பிள்ளைகள் சீக்கிரமே மற்றவர்களைச் சீண்ட ஆரம்பித்தார்கள். ஆனால் அந்தப் பிள்ளைகளுக்கு அது வெறும் விளையாட்டாக இருக்கவில்லை. அந்த வலியை எப்படி நியாயப்படுத்துவது? நாடகத்தில் வேஷம் என்று எல்லாருக்கும் தெரியும், கழற்றிவிட்டு உட்கார்ந்து பேசலாம்.

பிரதியில் எனக்கொரு பெரிய நெருடல் உண்டு. ஆண்ட்ரி உண்மையில் யூதன் இல்லை. ‘ஐயோ, ஆள் மாறிப்போச்சே’ என்று ஒரு மாணவர் நினைத்துவிடலாம். அவன் யூதனாகவே இருந்திருந்தால் மட்டும் கொல்லலாமா? மேடையில் ஒரு யூதர்கூட இல்லாமலே யூத வெறுப்பைப் பற்றிய நாடகம் முடிந்துவிடுகிறது. அதனால் வரலாறும் கூடவே வேண்டும். ஃபிரிஷின் சொந்த நாடே 1942 ஆகஸ்டில் தப்பிவந்த யூதர்களுக்கு எல்லையை மூடியது. அதை மறைத்துவிட்டு ‘அண்டோரா’வை நடித்தால் அது வெறும் நீதிக்கதை.

இன்று வேஷம் கேட்கச் சொன்னால், பட்டறையில் வாயை மூடிக்கொண்டிருந்த அந்த நண்பனைக் கேட்பேன். எனக்கு அதிகம் ஒத்திகை தேவைப்படாது என்பதுதான் பயம்.