தலைமடையும் கடைமடையும்: பெரியார் பல்கலைக்கழகத்தின் இணைப்பமைப்பும் வட்டார அறிவும்

ஆய்வுச் சுருக்கம்

பொதுப் பல்கலைக்கழகம் ஒன்றை மதிப்பிடுங்கால் தரப்புள்ளி, வெளியீட்டு எண்ணிக்கை, மாணவர் தொகை ஆகியவையே அளவுகோல்களாகக் கொள்ளப்படுகின்றன. தன் எல்லைக்குட்பட்ட நிலத்தின் அறிவை அது எவ்வாறு பெறுகிறது என்னும் வினா அரிதாகவே எழுப்பப்படுகிறது. சேலம் பெரியார் பல்கலைக்கழகத்தின் அமைப்பை நாமக்கல் மாவட்டத்து ஜேடர்பாளையத்திலிருந்து நோக்கி இக்கட்டுரை அவ்வினாவை முன்வைக்கிறது. இணைப்புக் கல்லூரி முறை ஆராய்ச்சிக்குத் தடை என்னும் பரவலான கருத்தை மறுத்து, அம்முறையே வட்டார ஆய்வுக்கு ஆயத்தமாக அமைந்த களவலை என இக்கட்டுரை வாதிடுகிறது.

திறவுச்சொற்கள்: பெரியார் பல்கலைக்கழகம், இணைப்பமைப்பு, ஜேடர்பாளையம், கொங்கு வட்டார வழக்கு, சொல்லகராதி, ஊர்ப்பெயராய்வு.

1. முன்னுரை

நாமக்கல் மாவட்டம் சேலம் மாவட்டத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமாகச் செயல்படத் தொடங்கியது 1997ஆம் ஆண்டு சனவரியில். அதே ஆண்டு செப்டம்பரில் சேலத்தில் பெரியார் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டது. அதுவரை சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்திருந்த இப்பகுதிக் கலை அறிவியல் கல்லூரிகள் புதிய பல்கலைக்கழகத்தின்கீழ் வந்தன. இன்று சேலம், நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரி ஆகிய நான்கு மாவட்டங்களைச் சேர்ந்த நூற்றுக்கும் மேற்பட்ட கல்லூரிகள் அதனோடு இணைந்துள்ளன. கருப்பூர் வளாகத்தில் பல ஆய்வுத்துறைகள் இயங்குகின்றன. தேசிய மதிப்பீட்டு மற்றும் தரச்சான்றுக் குழு 2021இல் இப்பல்கலைக்கழகத்திற்கு 3.61 புள்ளிகளுடன் ஏ பிளஸ் பிளஸ் தகுதி வழங்கியது.

இச்செய்திகள் ஒரு நிறுவனத்தின் வளர்ச்சியைக் காட்டுவன. ஆயினும் அந்நிறுவனத்திற்கும் அது நிற்கும் நிலத்திற்கும் உள்ள உறவை இவை காட்டுவதில்லை. பல்கலைக்கழகத்தின் இலச்சினை வாசகம் 'அறிவால் விளையும் உலகு' என்பது. 'விளைதல்' உழவர்தம் வினைச்சொல். உலகம் அறிவால் விளையுமெனின், அவ்வறிவு எந்நிலத்திலிருந்து விளைகிறது என்று கேட்பது அவ்வாசகத்தை அதன் சொற்பொருளிலேயே எடுத்துக்கொள்வதாகும். அக்கேள்விக்கு விடை காணப் பல்கலைக்கழக வாயிலில் நின்று நோக்குவதைவிட அதன் எல்லையிலுள்ள ஓர் ஊரில் நின்று நோக்குவது பயன்தரும்.

2. நீரமைப்பும் கல்வியமைப்பும்

பரமத்தி வேலூர் வட்டத்தில் காவிரியின் இடக்கரையில் அமைந்த ஊர் ஜேடர்பாளையம். அங்குள்ள படுகையணையிலிருந்து இராஜவாய்க்கால் பிரிகிறது. பரமத்திப் பகுதியை ஆண்ட அல்லாள இளைய நாயக்கர் இவ்வமைப்பை உருவாக்கினார் என்பது வழிவழி வழங்கிவரும் செய்தி. இராஜவாய்க்காலோடு தொடர்புடைய குமாரபாளையம், பொய்யேரி, மோகனூர் வாய்க்கால்கள் ஆற்றோரச் சமவெளிக்குப் பாசனம் தருகின்றன. வெற்றிலைக் கொடிக்கால், வாழை, கரும்பு ஆகியவை இந்நீரால் விளைவன. கரும்பு ஆலைக்கொட்டகைகளில் வெல்லமாகிறது. அவ்வெல்லம் அருகிலுள்ள பிலிக்கல்பாளையம் ஏலச்சந்தைக்குச் செல்கிறது.

வாய்க்கால் பாசனத்தின் இயல்பு ஒருதிசைப் போக்கு. தலைமடையில் திறக்கப்படும் நீர் கடைமடைக்குச் செல்லும். கடைமடையிலிருந்து தலைமடைக்குத் திரும்பாது. இணைப்புப் பல்கலைக்கழகத்தின் அமைப்பும் இத்தகையதே. பாடத்திட்டம், வினாத்தாள், மதிப்பெண், பட்டம் ஆகிய நான்கும் மேலிருந்து கீழ்நோக்கிச் செல்வன. கல்லூரியிலிருந்து பல்கலைக்கழகத்திற்கு மேல்நோக்கிச் செல்வன விடைத்தாளும் கட்டணமும் மட்டுமே.

இவ்வமைப்பு பெரியார் பல்கலைக்கழகம் தானாக வகுத்துக்கொண்டதன்று. 1857இல் கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய மூன்று பல்கலைக்கழகங்களும் இலண்டன் பல்கலைக்கழகத்தை முன்மாதிரியாகக் கொண்டு தேர்வு நடத்திப் பட்டம் வழங்கும் அமைப்புகளாகவே தோன்றின. கற்பித்தலும் ஆய்வும் அவற்றின் பணிகளாகச் சட்டவழி ஏற்கப்பட்டது 1904ஆம் ஆண்டின் இந்தியப் பல்கலைக்கழகச் சட்டத்திற்குப் பின்னரே. தேர்வமைப்பாகப் பிறந்து ஆய்வை இடையில் ஏற்றுக்கொண்ட அம்மரபின் வழித்தோன்றலே 1997இல் சேலத்தில் உருவான பல்கலைக்கழகமும்.

இம்முறையின் நன்மைகளை மறுத்தல் நேர்மையாகாது. உழவர், நெசவாளர், கூலித்தொழிலாளர் இல்லங்களிலிருந்து முதல் தலைமுறையாகக் கல்லூரி புகுந்தோர், குறிப்பாகப் பெண்கள், தம் ஊருக்கருகிலேயே பட்டம் பெற இணைப்பு முறையே வழிசெய்தது. சிற்றூர்க் கல்லூரியின் பட்டமும் நகரக் கல்லூரியின் பட்டமும் ஒரே மதிப்புடையனவாய் இருப்பதற்குப் பொதுத்தேர்வே காரணம். ஆகவே இங்குக் குறையாகச் சுட்டப்படுவது நீர் கீழ்நோக்கிச் செல்வதன்று. அறிவும் அவ்வாறே ஒருதிசையில் மட்டும் செல்ல வேண்டும் என்று கருதப்படுவதே.

3. ஓர் ஊர்ப்பெயர் எழுப்பும் வினாக்கள்

ஒருதிசைப் போக்கினால் நேரும் இழப்பினை ஜேடர்பாளையம் என்னும் பெயரைக் கொண்டே விளக்கலாம். கன்னடத்தில் 'ஜேட' என்பது சிலந்தியையும் 'ஜேடர்' என்பது நெசவாளரையும் குறிக்கும். கன்னட வசன இலக்கியத்தின் முன்னோடிகளுள் ஒருவரான ஜேடர தாசிமய்யாவின் பெயரில் அத்தொழில் அடையாளம் நிலைத்துள்ளது. கன்னடத்தை வீட்டுமொழியாகக் கொண்ட தேவாங்கர் நெசவுச் சமூகத்தார் சேலம், கோவைப் பகுதிகளில் இன்றும் வாழ்கின்றனர். ஹொய்சளர், விசயநகரர், மைசூர் அரசர் ஆட்சிகளைக் கண்டு, 1792இல் திப்பு சுல்தானுடன் ஏற்பட்ட உடன்படிக்கையால் கிழக்கிந்தியக் கும்பினியிடம் வந்த நிலம் சேலம் பகுதி. இங்குக் கன்னடச் சொல் ஊர்ப்பெயராதல் இயல்பே.

எனினும் ஒலியொப்புமை மட்டும் சான்றாகாது. ஊர்ப்பெயரின் பழைய வடிவங்களைக் கல்வெட்டு, செப்பேடு, வருவாய்ப் பதிவேடு ஆகியவற்றில் தேட வேண்டும். கன்னட மொழியறிவு வேண்டும். நெசவுக் குடிகளின் இடப்பெயர்வு வழக்காறுகளைத் தொகுக்க வேண்டும். இன்று நெசவு குறைந்து வேளாண்மையே மேலோங்கிய ஊரில் அப்பெயர் எவ்வாறு நிலைத்தது என விளக்க வேண்டும். தமிழ், வரலாறு, சமூகவியல் என மூன்று துறைகள் கூடிச் செய்ய வேண்டிய பணி இது. நான்கு மாவட்டங்களின் எல்லையில் தமிழ், கன்னடம், தெலுங்கு ஆகிய மூன்றும் வழங்கும் ஒரு பல்கலைக்கழகத்திற்கு இத்தகைய வினாக்களே முதன்மை ஆய்வுப் பொருள்களாதல் பொருத்தமுடைத்து.

சொல்வளத்தின் நிலையும் இதுவே. கொடிக்காலில் வெற்றிலைக் கொடி படரும் அகத்தி, அறுவடையில் எண்ணப்படும் கவுளி, ஆலைக்கொட்டகையில் பாகின் பதத்தைக் குறிக்கும் வழக்குகள், நீர்ப்பங்கீட்டில் முறைவைத்துப் பாய்ச்சும்போது எழும் சொற்கள் ஆகியவை ஒரு தொழிலறிவின் தொகுதி. இச்சொற்களோடு வளரும் மாணவர் கல்லூரிக்கு வந்தவுடன் அவற்றைக் கொச்சையென ஒதுக்கக் கற்கிறார். பிழைநீக்கி எழுதுதல் என்னும் பாடம் அவருக்குக் கிட்டுகிறது. தாம் கொணர்ந்த சொல்லைப் பதிவுசெய்தல் என்னும் பாடம் கிட்டுவதில்லை.

4. சொல்லகராதிகளின் சான்று

தமிழில் ஒரு பல்கலைக்கழகம் செய்த மிகப்பெரிய சொல்லாய்வு சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன். 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாகவும், பின்னர்ப் பிற்சேர்க்கையாகவும் வெளிவந்த அவ்வகராதி ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட சொற்களைக் கொண்டது. ச. வையாபுரிப்பிள்ளையின் பதிப்பாசிரியப் பணி அதற்கு நிலைத்த மதிப்பைத் தந்தது. எனினும் அதன் முதன்மை ஆதாரம் எழுத்திலக்கியம். பேச்சு வழக்குச் சொற்களுக்கு இடம் தரப்பட்டபோதும் அவற்றுட் பல இன்ன ஊரினது என்ற விளக்கமின்றி, வட்டார வழக்கு என்னும் பொதுக்குறிப்போடு நின்றன.

வட்டாரச் சொற்களைத் தனியே தொகுக்கும் பணியை மேற்கொண்டோர் பெரும்பாலும் தனிமனிதர். கரிசல் நிலத்திற்குக் கி. ராஜநாராயணன் சொல்லகராதி தந்தார். அவர் உயர்நிலைக் கல்வியை முடிக்காதவர். கொங்கு நிலத்திற்குப் பெருமாள்முருகன் 2000இல் 'கொங்கு வட்டாரச் சொல்லகராதி'யை வெளியிட்டார். திருச்செங்கோட்டுப் பகுதியில் பிறந்து, ர. சண்முகசுந்தரத்தின் படைப்புகளைச் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ந்து முனைவர் பட்டம் பெற்ற அவர், நாமக்கல், ஆத்தூர் அரசு கலைக் கல்லூரிகளில் தமிழ் கற்பித்தவர். இணைப்புக் கல்லூரியின் ஆசிரியர் ஒருவர் தம் சொந்த முயற்சியால் செய்த பணி, அக்கல்லூரிகளை இணைத்துள்ள அமைப்பின் திட்டப்பணியாக இருந்திருக்கலாகாதா என்பது எண்ணத்தக்கது. தனிமனிதர் தொகுப்பு அவர்தம் ஊரையும் தொடர்புகளையும் சார்ந்தே விரியும். மேட்டுநிலத்துச் சொல்லும் ஆற்றோரச் சொல்லும் சமநிலையில் இடம்பெற ஒருவரின் உழைப்பு போதாது.

பல்கலைக்கழகம் தன் வாயிலைத் திறந்தபோது விளைந்த பயனுக்கும் சான்றுண்டு. கி. ராஜநாராயணனைப் புதுவைப் பல்கலைக்கழகம் வருகைதரு பேராசிரியராக அமர்த்தியது. பட்டமில்லாத ஒருவரின் அறிவை ஆய்வறிவாக ஏற்ற அந்நிகழ்வு, கடைமடையிலிருந்தும் அறிவு மேலேறும் என்பதை உணர்த்தியது. ஆனால் அது ஒருவர் பொருட்டுச் செய்யப்பட்ட ஏற்பாடு. அமைப்பின் இயல்பாக மாறவில்லை.

5. ஓர் ஒப்பீடு

அமெரிக்காவின் பெரிய பொதுப் பல்கலைக்கழகங்களுள் ஒன்றான விஸ்கான்சின் பல்கலைக்கழகம் இங்கு ஒப்புநோக்கத்தக்கது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதன் தலைவராயிருந்த சார்லஸ் வான் ஹைஸ், பல்கலைக்கழகத்தின் பயன் மாநிலத்தின் ஒவ்வொரு குடும்பத்தையும் சென்றடைய வேண்டும் என்னும் கொள்கையை வலியுறுத்தினார். மக்கள் சார்பான இக்கொள்கையும் நுணுகி நோக்கின் தலைமடைக் கொள்கையே. பயன் பல்கலைக்கழகத்திலிருந்து வெளியே செல்வதாகவே அது கருதுகிறது.

அதே பல்கலைக்கழகத்தில் பின்னர் ஃபிரெடெரிக் காசிடி தலைமையில் உருவான அமெரிக்க வட்டார ஆங்கில அகராதி எதிர்த்திசையில் சென்றது. 1965 முதல் 1970 வரை களப்பணியாளர் ஊர்திகளில் சென்று 1,002 ஊர்களில் 2,777 தகவலாளரிடம் சொற்களைத் திரட்டினர். அகராதியின் ஐந்து முதன்மைத் தொகுதிகள் 1985க்கும் 2012க்கும் இடையே வெளிவந்தன. அங்கு மக்கள் பாடம் கேட்போராக அன்றி, தரவு தருவோராகப் பல்கலைக்கழகத்தோடு உறவுகொண்டனர்.

அத்தகைய பொருள்வளம் இங்கில்லை என்பது உடனெழும் மறுப்பு. அம்மறுப்பு ஓரளவே பொருந்தும். விஸ்கான்சின் ஊர்திகளை அனுப்பி உருவாக்க வேண்டியிருந்த களவலை சேலத்தில் முன்னரே உள்ளது. நூற்றுக்கும் மேற்பட்ட கல்லூரிகள் நான்கு மாவட்டங்களிலும் பரவியுள்ளன. பகுதி 1 தமிழ் கற்பிக்கும் ஆசிரியர்கள் அவற்றில் உள்ளனர். ஊர்தோறும் இருந்து மாணவர் அங்கு வருகின்றனர். ஆய்வுக்குச் சுமையெனக் கருதப்படும் இணைப்பமைப்பு, உண்மையில் வேறெந்த ஆய்வு நிறுவனத்திற்கும் வாய்க்காத களப்பரப்பு. இணைப்புக் கல்லூரிகளின்றி ஆய்வுக்கெனவே 1981இல் தொடங்கப்பட்ட தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம், கொடுமணல் அகழாய்வு போன்ற அரும்பணிகளைச் செய்தபோதும், இத்தகைய வலையைக் கொண்டதன்று.

6. அளவுகோல்களின் சிக்கல்

ஊர்ப்பெயர், நாட்டுப்புறப் பாடல், வழக்குச்சொல் ஆகியவை பற்றித் தமிழ்த்துறைகளில் ஆய்வேடுகள் எழுதப்படுகின்றன என்பது உண்மை. அவற்றுட் பல இன்று சோத்கங்கா மின்களஞ்சியத்தில் கிடைக்கின்றன. ஆயினும் ஒவ்வோர் ஆய்வேடும் தனித்து நிற்கிறது. பின்னிணைப்பில் உள்ள சொற்பட்டியலும் பாடல் தொகுப்பும் ஆய்வேட்டின் மிகப் பயனுள்ள பகுதியாயினும், அடுத்த ஆய்வாளர் தொடர்வதற்குரிய பொதுத்தரவாக அவை ஒன்றிணைக்கப்படுவதில்லை. பட்டம் பெற்றவுடன் தரவின் வாழ்வு முடிகிறது.

மதிப்பீட்டு முறையும் இதற்குக் காரணம். தேசிய நிறுவனத் தரவரிசையில் வெளியீடுகள் ஸ்கோபஸ், வெப் ஆஃப் சயின்ஸ் தரவுத்தளங்களைக் கொண்டு கணிக்கப்படுகின்றன. தமிழில் எழுதப்படும் ஆய்வுகளுட் பெரும்பாலானவை அவற்றில் இடம்பெறுவதில்லை. ஆகவே ஜேடர்பாளையத்துச் சொற்களை ஆறாண்டுகள் உழைத்துத் தொகுக்கும் பணி, அக்கணக்கில் ஏறாத பணியாகிறது. இந்நிலையில் இளம் ஆய்வாளர் விரைவில் முடியும் தலைப்பை நாடுவதை அவர்தம் குறையாகக் கூறலாகாது. அளவுகோல் எதை எண்ணுகிறதோ அதுவே ஆய்வாக உருப்பெறும்.

7. முடிவுரை

பெரியாரின் பெயரைத் தாங்கிய நிறுவனம், யாருடைய அறிவு அறிவாக ஏற்கப்படுகிறது என்னும் வினாவைத் தவிர்க்க இயலாது. பிறப்பால் அமைந்த உயர்வு தாழ்வை வினவியவர் அவர். எழுத்தறிவுக்கும் தொழிலறிவுக்கும் இடையே நிலவும் உயர்வு தாழ்வும் அவ்வினாவிற்கு உட்பட்டதே.

இதற்குப் புதிய நிறுவனம் தேவையில்லை. பகுதி 1 தமிழின் அகமதிப்பீட்டில் ஒரு பங்கை ஊர்ச்சொல் தொகுப்புக்கு ஒதுக்குதல், அத்தொகுப்புகளை ஒரே படிவத்தில் பெற்று ஆய்வுத்துறைகள் சரிபார்த்தல், தகவல் தந்தோரையும் தொகுத்தோரையும் அவர்தம் இசைவோடு பெயர் சுட்டிப் பதிவுசெய்தல், முடிவுகளைக் கல்லூரிகளுக்கே பாடநூலாகத் திருப்பித் தருதல் ஆகிய நான்கும் இப்போதுள்ள அமைப்பிலேயே இயல்வன. தொகுக்கப்படும் சொற்களில் பிழையும் திரும்பக் கூறலும் மலிந்திருக்கும். அவற்றைக் களைவதற்கே தலைமையிடத்தில் ஆய்வுத்துறைகள் தேவைப்படுகின்றன.

ஆலைக்கொட்டகையில் பாகின் பதம் அறிந்த தலைமுறையும் வாய்க்காலின் பழைய முறைப்பங்கீட்டை நினைவில் வைத்துள்ள தலைமுறையும் முதுமை எய்திவிட்டன. அவர்தம் பேரக்குழந்தைகள் இணைப்புக் கல்லூரிகளின் வகுப்பறைகளில் இன்று அமர்ந்திருக்கின்றனர். பாட்டனிடம் கேட்டு எழுதிவரும்படி அவர்களிடம் கூறுவதற்கு உரிய காலம் இன்னும் சில ஆண்டுகளே.