திரையில் தெரியாத தீ

ஆவடியில் 1955-ஆம் ஆண்டு கூடிய காங்கிரசார், 'சமதர்ம பாணிச் சமுதாயம்' எனத் தீர்மானம் தீட்டினர். பின்னாளில் அதே ஆவடியின் கனரக வாகனத் தொழிற்சாலையில், சோவியத் வடிவமைப்பைப் பெற்று டி-72 டாங்கிகளை நம் தொழிலாளத் தோழர்கள் உருவாக்கினர். பொதுவுடைமை நாட்டிடம் கற்கத்தக்கவை இருந்தன, மறுப்பாரில்லை. கற்கக் கூடாத ஒன்றும் இருந்தது. அதுதான், இரவு ஒன்பது மணிக்கு 'விரேம்யா' எனும் பெயரில் மாஸ்கோ தொலைக்காட்சி நடத்திவந்த செய்தி அரங்கு!

விளைச்சல் பெருகிற்று, ஆலை உயர்ந்தது, தலைவர் பேசினார், மக்கள் கைதட்டினர்: இதுவே அந்த அரங்கின் அன்றாடக் கதை. கதாநாயகன் அரசு, காண்போன் குடிமகன், கேள்வி கேட்கும் பாத்திரத்துக்கு மட்டும் அந்த நாடகத்தில் இடமில்லை.

1986 ஏப்ரல் 26, விடியுமுன் செர்னோபில் அணு உலை வெடித்தது. மறுநாள், அருகிருந்த பிரிப்பியத் நகர மக்கள் பேருந்துகளில் ஏற்றி அகற்றப்பட்டனர். தொலைக்காட்சியோ மௌனம்! 28-ஆம் நாள் காலை, சுவீடன் நாட்டு அணுமின் நிலையக் கருவிகள் கதிர்வீச்சைக் காட்டிக் கொடுத்தன. அன்றிரவுதான் விரேம்யா வாய் திறந்தது: விபத்து நேர்ந்தது, உலை ஒன்று சேதமுற்றது, நடவடிக்கை எடுக்கப்படுகிறது, குழு அமைக்கப்பட்டுள்ளது. அவ்வளவே! மே முதல் நாள் கீவ் நகர வீதியில் குழந்தைகளும் அணிவகுத்தனர். காற்றில் கலந்திருந்ததை அவர்களுக்குச் சொல்வார் யார்?

சொன்ன வரிகள் பொய்யல்ல, தோழர்களே! சொல்லாது விட்டதே கொடுமை.

பொதுவுடைமை ஆட்சியின் நோய் இது எனக் கைகொட்டிச் சிரிப்போர் சற்றே பொறுக்க! சென்னையில் தொலைக்காட்சி தொடங்கியது 1975 ஆகஸ்ட் 15-இல்; நெருக்கடி நிலை எனும் இருள் நாட்டைக் கவ்விய காலம் அது. அந்நாளில் அரசு வானொலியும் தொலைக்காட்சியும் ஆளுங்கட்சியின் ஊதுகுழலான கதையை, 1977-இல் வந்த புதிய அரசு வெள்ளை அறிக்கையாகவே வெளியிட்டது. கொடியின் நிறம் வேறு. குழலின் ஓசை ஒன்றே!

அர்ச்சகர் சொன்னார் என்பதற்காக ஏற்காதவன் பகுத்தறிவாளன். அரசு சொன்னது என்பதற்காக மட்டும் ஏற்பானோ? அம்பத்தூர் ஆலை வாயிலிலும் பூவிருந்தவல்லிப் படிப்பகத்திலும் செய்தி கேட்கும் இளைஞனே, மூன்று கேள்விகளைக் கைவிடாதே: சொல்பவர் யார்? மறுத்துரைக்க யாரை அனுமதித்தார்? எதை மறைத்தார்? இவற்றுக்கு விடை தராத செய்தி, செய்தியன்று, புதிய புராணம்!